பெரியப்பா விழும் இடத்தில் அழுதவர்

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானால் ஒரு மனுஷன் முதலில் என்ன செய்வான்? மண்டபம் தேடிப் போவான். லிஃப்ட் மெக்கானிக்கும் அதைத்தான் செய்தார். ஊரில் பாதிக் கட்டடங்களில் லிஃப்ட் ஏறி இறங்குவது அவர் கைபட்டுத்தான். ஆனால் ஒரு மண்டபத்துக்குள் முன்வாசல் வழியாகப் போவது அவருக்கு அதுதான் முதல் தடவை. சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுக்கொண்டு போயிருந்தார்.

மண்டபத்து மேனேஜர் மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்கவில்லை. எத்தனை பேர் வருவார்கள் என்றும் கேட்கவில்லை. "படம் பாத்தாச்சா?" என்றார்.

"எந்தப் படம்?"

மேனேஜர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "பொண்ணுக்குக் கல்யாணம்ங்கறீங்க, எந்தப் படம்னு கேக்கறீங்க! நல்ல ஆளுங்க நீங்க. வீட்டுல எல்லாரும் போய்ப் பேட்ஜ் வாங்கிட்டு வாங்க. அப்புறம் தேதியப் பத்திப் பேசலாம்."

மெக்கானிக்குக்குக் கல்யாணமான காலத்தில் இந்தத் தொல்லை எல்லாம் கிடையாது. அதற்கப்புறம் வந்ததுதான் அந்தப் படம். அது ஓர் இந்தியக் குடும்பக் கல்யாணப் படம். படம் முழுக்க ஒரே கல்யாணம், ஒரே வீடு, வீடு கொள்ளாத சொந்தம். சும்மா சொல்லக்கூடாது, வந்த புதிதில் ஜனங்கள் உருகித்தான் போனார்கள். சிரித்தார்கள், அழுதார்கள், எழுந்து நின்று கைதட்டினார்கள். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அதோடு விட்டிருந்தால் ஒரு குறையும் இல்லை. தானாக வரும் பாராட்டு ஒருநாள் தானாகவே நின்றுபோனால் என்ன கதி என்று யாரோ ஒரு பெரிய மனிதருக்குக் கவலை வந்துவிட்டது. கவலைக்கு ஒரு கட்டடம் கட்டினார்கள். கட்டடத்துக்குள் நாற்காலி போட்டார்கள். நாற்காலி காலியாக இருக்கலாமா? ஆள் போட்டார்கள். ஆள் சும்மா இருக்கலாமா? சட்டம் போட்டார்கள். இப்படிப் பிறந்ததுதான் குடும்ப ரசனைக் கழகம். அந்தப் படத்தை முறைப்படி ரசித்துப் பேட்ஜ் குத்திக்கொள்ளாதவர் எந்தக் கல்யாணத்திலும் கால் வைக்கக் கூடாது. சொந்த மகள் கல்யாணமாக இருந்தாலும் சரி. யார் கல்யாணத்துக்கும் போகாமல் லிஃப்டே கதியென்று கிடந்ததால் மெக்கானிக்குக்கு இதெல்லாம் தெரியாமல் போயிற்று.

வீட்டில் மற்றவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே இல்லை. மனைவி படத்தின் பெயர் போடும்போதே மூக்கை உறிஞ்ச ஆரம்பித்து, அன்றைக்கே பேட்ஜோடு திரும்பினாள். மகள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். ஊசியைப் பார்த்துப் பயந்து அழுகிறவர்களையே நாள் முழுக்கப் பார்த்துப் பழகியதால் அழுகை எப்படி இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளும் தேறிவிட்டாள். மச்சானைக் கேட்கவே வேண்டாம். அந்தப் படத்துக்குக் கைதட்டியே பெயர் வாங்கியவர். தூங்கும்போது போடும் பனியனில்கூடப் பேட்ஜைக் குத்தியிருப்பார்.

பாக்கி மெக்கானிக் ஒருவர்தான். அவசரமும் இருந்தது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் எஞ்சின் பார்க்கிற வேலை. மாதக் கடைசியில் கப்பல் ஏறினால் திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கல்யாணம் முடிந்தாக வேண்டும். மகள் நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. "நீ என் பக்கத்துல நிக்கணும்பா, அது போதும்" என்றாள். மெக்கானிக்குக்கும் உலகத்தில் வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

"கவலப்படாதீங்க மாமா," என்றார் மச்சான். "இடைவேளைக்கு முன்னாடி பெரியப்பா வழுக்கி விழுவாரு, அங்க சிரிக்கணும். கடைசியில பொண்ணு லிஃப்டுல இறங்கும், அங்க அழணும். அவ்வளவுதான். கொழந்தகூட பண்ணும்."

லிஃப்ட் என்றதும் மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது. அங்கேதான் சனி பிடித்தது.

கழகத்தின் அரங்கம் பெரியது. பார்வையாளர்கள் திரையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு எதிரே, திரைக்கு முதுகைக் காட்டியபடி, கழகத்து ஊழியர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு டார்ச் லைட். படம் ஓட ஓட வெளிச்சத்தை ஒவ்வொரு கன்னமாக அடித்துப் பார்த்தார்கள். மெக்கானிக்கின் வரிசைக்குக் கண்ணீர்ப் பிரிவுக் கண்காணிப்பாளர் அம்மாள் வந்திருந்தார். கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர்.

மெக்கானிக் ஒழுங்காகவே பார்த்தார். பெரியப்பா கல்யாணத்தை எதிர்த்துப் பேசியபோது பல்லைக் கடித்தார். அவர் வழுக்கி விழுந்தபோது எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். கடைசிக் காட்சியும் வந்தது. மூன்று மாடி வீடு. மேல்மாடியில் சொந்தமெல்லாம் நிற்க, மணப்பெண் லிஃப்டுக்குள் போகிறாள். அப்பாக்காரர் கலங்கிய கண்ணோடு பொத்தானை அமுக்குகிறார். கதவு மூடுகிறது. பெண்ணின் முந்தானை கதவிடுக்கில் மாட்டிக்கொள்கிறது. பிறந்த வீடு பெண்ணை விடமாட்டேன் என்கிறதாம். வயலின் உச்சத்துக்கு ஏறியது. அரங்கமே விம்மியது.

மெக்கானிக் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். "அய்யோ, முந்தானை மாட்டிக்கிச்சு! கதவத் திறங்கய்யா! மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணு!"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நிஜத்திலேயே ஒரு தடவை அப்படி ஒரு லிஃப்டிலிருந்து ஒரு பெண்ணை வெளியே எடுத்தவர். அந்தப் பெண் பிழைத்தது பெரிய விஷயம். ஆனால் ரசனைக் கழகத்தில் அதையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள்? நான்கு டார்ச் லைட்டுகள் ஒரே சமயத்தில் அவர் முகத்தில் விழுந்தன. கன்னம் காய்ந்து கிடந்தது.

"நீங்க கத்தினதுல முன் வரிசையில மூணு பேருக்கு வந்த அழுகை நின்னுபோச்சு," என்றார் கண்காணிப்பாளர் அம்மாள். "அவங்களும் திரும்ப வரணும். உங்களால எத்தன பேருக்குச் சிரமம் பாருங்க."

"அம்மா, அந்த லிஃப்ட் அப்படியே கீழ இறங்கினா அந்தப் பொண்ணு கழுத்து..."

"எந்தப் பொண்ணு?"

"படத்துல வர்ற பொண்ணும்மா. நீங்க பாத்ததில்லையா?"

அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் இந்தப் படத்தப் பாத்ததே இல்ல. சர்வீஸ்ல சேந்ததுல இருந்து ஒரு சீன் பாத்தது கிடையாது. பாத்தா ஒருவேள எனக்குப் பிடிக்காமப் போயிடலாம். அப்புறம் நடுநிலைமையா எப்படி வேலை செய்யறது?"

மெக்கானிக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

தவறியவர்களுக்குப் பயிற்சி வகுப்பு உண்டு. போனார். விசும்பல், விம்மல், தேம்பல், கேவல் என்று தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். எதிலிருந்து எதற்கு எப்படி வழுக்காமல் போவது என்று காட்டினார்கள். பக்கத்து இருக்கைக்காரர் தோளில் சாயும் முறை இருந்தது. சாய்ந்தவரை எத்தனை நேரம் தாங்க வேண்டும் என்பதற்கு முறை இருந்தது. வாசலில் ஒவ்வொருவர் கையையும் மோந்து பார்த்து வெங்காய வாசனை வந்தால் திருப்பி அனுப்பினார்கள். இயற்கையான உணர்ச்சியில் கழகம் அவ்வளவு கண்டிப்பு. மெக்கானிக் ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும் உட்கார்ந்து தேம்பிப் பழகினார். மனைவி குழம்பில் உப்பு கூடிவிட்டதோ என்று பயந்துபோனாள்.

இரண்டாம் தடவை மச்சான் ஒரு யோசனை சொல்லி அனுப்பினார். "லிஃப்டப் பாக்காதீங்க மாமா. கண்ண மூடிக்குங்க. நம்ம பாப்பாவ நெனச்சுக்குங்க. தன்னால வரும்."

தன்னால்தான் வந்தது. அதுதான் வினை. அவர் கண்ணை முன்கூட்டியே மூடிவிட்டார். மகள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அவர் காலைக் கட்டிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. முதல் சம்பளத்தில் அவருக்குச் செருப்பு வாங்கி வந்து, அளவு பத்தாமல், இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து சிரித்தது வந்தது. இனிமேல் வேலை முடிந்து வந்தால் அவளுடைய குரல் வீட்டில் இருக்காது என்பதும் வந்தது. கண்ணீர் என்றால் கண்ணீர், சட்டைக் காலர் நனைந்துவிட்டது. ஒரு கேவல் வெளியே வந்தபோது அரங்கம் முழுக்க ஓவென்று சிரித்துக்கொண்டிருந்தது. பெரியப்பா வழுக்கி விழும் இடம்.

இந்தத் தடவை அவரைத் தனி அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள்.

"பெரியப்பா விழற இடத்துல அழுதிருக்கீங்க," என்றார் கண்காணிப்பாளர் அம்மாள். "இப்படி ஒண்ண நான் கேள்விப்பட்டதே இல்ல. யாருக்காக அழுதீங்க?"

"என் பொண்ணுக்காகம்மா."

"சொந்தப் பொண்ணுக்காகவா?"

"ஆமாம்மா."

அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "படத்துல வர்ற பொண்ணுக்காக அழுதா அது ரசனை. சொந்தப் பொண்ணுக்காக அழுதா அது சுயநலம். இந்த வித்தியாசம்கூடத் தெரியாம எப்படிங்க ஒரு கல்யாணத்துக்குள்ள உங்கள விடறது?"

விஷயம் தலைவர்வரை போனது. கழகத் தலைவர் நல்ல மாதிரி. யார் வந்தாலும் எழுந்து நின்று பேசுவார், ஏனென்றால் உட்கார்ந்து பேசினால் அவருக்குப் பேச்சு வராது. அறையில் மெக்கானிக் ஒருவரே இருந்தும் தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"அன்புக்குரிய தகப்பனாரே! இந்தக் கழகம் யாருக்கும் எதிரி அல்ல. படத்தை எடுத்தவர் என் சம்பந்தி என்று சிலர் பேசுகிறார்கள். உண்மைதான். ஆனால் எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இதைவிட நேர்மைக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? என் மகள் கல்யாணத்தன்று நான் இங்கே பாராட்டு விழாவுக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தேன். போகவே இல்லை. எனக்கு ஒரு குறையாவது தெரிந்ததா? இல்லை! குடும்பப் பாசம் என்பது அவ்வளவு உயர்ந்தது!"

"ஐயா, எனக்கு அடுத்த வாய்ப்பு எப்ப?"

"அடுத்த மாதம்."

"மாப்பிள்ளை இந்த மாசக் கடைசியில கப்பல் ஏறிடுவாருங்க."

"கழகம் அதற்கும் வழி வைத்திருக்கிறது," என்றார் தலைவர், மைக்கைத் துடைத்தபடி. "தேர்ச்சி பெற்ற தகப்பனார் ஒருவரை அனுப்புவோம். உங்கள் இடத்தில் நிற்பார். அனுபவசாலி. இந்த வருஷம் மட்டும் நிறைய பெண்களை அனுப்பி வைத்திருக்கிறார். ஒரு தடவைகூட அழுகை பிசகியதில்லை."

மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். தலைவர் அதற்கும் நன்றி சொல்லி உரையை முடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மகள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "அப்பா இல்லாத கல்யாணம் எனக்கு வேணாம்."

"அசடு மாதிரி பேசாத. அவரு கப்பல் ஏறிட்டா அப்புறம் எப்ப வருவாரோ," என்றார் மெக்கானிக்.

"எவனோ ஒருத்தன் வந்து நிப்பான், நான் அவனப் பாத்து அப்பான்னு சொல்லணுமா?"

"ஒரு நாளுதானேம்மா," என்றார் மெக்கானிக். "எனக்கு ஒண்ணும் இல்ல. உண்மையிலயே ஒண்ணும் இல்ல." சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றார். அந்தக் கண்ணீருக்கு டார்ச் அடிக்க அங்கே யாரும் இல்லை.

ஆனால் மனுஷன் சும்மா இருந்துவிடவில்லை. கழகத்தின் சட்டப்படி எல்லாக் கல்யாணமும் படத்தில் உள்ளபடி முடிய வேண்டும். அதாவது மணப்பெண் மேல்மாடியிலிருந்து லிஃப்டில் இறங்கித்தான் போக வேண்டும். அதுவும் பாட்டு முழுக்க ஓடி முடியும் வரைக்கும், மெதுவாக. நிஜ லிஃப்டுக்குப் பாட்டாவது, பல்லவியாவது? கண் மூடித் திறப்பதற்குள் கீழே போய் நின்றுவிடும். அதனால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூமில் ஒருவர் நின்று சக்கரத்தைக் கையால் சுற்றி இறக்க வேண்டும். அந்த வேலைக்கு வருகிறவர் பார்வையாளர் கணக்கில் சேர மாட்டார். பேட்ஜும் வேண்டாம். மெக்கானிக் தன் கம்பெனி சூப்பர்வைசரிடம் காலில் விழாத குறையாகக் கேட்டு அந்த டியூட்டியை வாங்கிக்கொண்டார்.

கல்யாணத்தன்று அவர் பின்வாசல் வழியாக, யூனிஃபாரத்தில், டூல்ஸ் பையோடு வந்தார். கீழே மேளச் சத்தமும் சிரிப்பும் கேட்டன. மெஷின் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. கிரீஸ் வாசனையும் மோட்டார் சூடும் மட்டும்தான். கல்யாணம் முடிந்ததைக் கைதட்டலை வைத்துத் தெரிந்துகொண்டார்.

பிறகு பாட்டு ஆரம்பித்தது. சுவரில் இருந்த இன்டர்காமில் கண்காணிப்பாளர் அம்மாளின் குரல் வந்தது. "பொண்ணு லிஃப்டுக்குள்ள ஏறியாச்சு. முந்தானைய கதவுல மாட்டியாச்சு. இறக்குங்க."

மெக்கானிக் மெயின் சுவிட்சை நிறுத்தினார். சக்கரத்தைத் தொடுவதற்கு முன்னால் லிஃப்டுக்குள் இருக்கும் இன்டர்காமைக் கூப்பிட்டார்.

"யாரு?" என்றது மகளின் குரல்.

"மெதுவாப் பேசும்மா. நான்தான்."

"அப்பா!" அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீ மேலயா இருக்க?"

"மேலதான் இருக்கேன். மொதல்ல அந்த முந்தானைய உள்ள இழு. கதவு கொஞ்சம் விட்டுக்குடுக்கும், பயப்படாம இழு."

"இழுத்துட்டேன்பா."

"முழுசா வந்துடுச்சா? நல்லாப் பாரு."

"வந்துடுச்சு. ஓரம் லேசாக் கிழிஞ்சுடுச்சு."

"பரவால்ல. உள்ள யாரு யாரு?"

"அவரு இருக்காரு. அப்புறம் அந்த அப்பா. அழுதுகிட்டிருக்காரு."

"நல்லா அழுறாரா?"

"நல்லாத்தான் அழுறாரு," என்றாள் மகள். "கர்ச்சீப் கேக்கறாரு."

"குடும்மா. பாவம், அவருக்கு வேலை அது."

ஒரு கையால் பிரேக்கை விடுவித்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தார். கயிறு மெல்ல நகர்ந்தது. அவர் பார்க்கக்கூடியதெல்லாம் அந்தக் கயிறுதான். பாதியில் மாட்டிக்கொண்ட எத்தனையோ பேரை இப்படி இறக்கியிருக்கிறார், இன்றைக்கு மாதிரி கை கனத்ததில்லை. சுற்றுவதை நிறுத்தினால் அவள் அங்கேயே நின்றுவிடுவாள் என்று ஒரு கணம் தோன்றியது. நிறுத்தியும் பார்த்தார். "என்னங்க நிக்குது? பாட்டு ஓடிக்கிட்டிருக்கு!" என்று இன்டர்காம் அதட்டியது. சுற்றினார். கண்ணீர் மூக்கு நுனியில் இறங்கிச் சக்கரத்தில் சொட்டியது. துடைக்க ஒரு கையும் காலி இல்லை. தரைத்தளத்தின் குறி கயிற்றில் வந்ததும் பிரேக்கைப் பூட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கீழே ஒரு கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மாடிச்சுவர் ஓரம் ஓடி எட்டிப் பார்ப்பதற்குள் கார் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

அடுத்த மாதம் மூன்றாம் அழைப்பு வந்தது. எதற்கு இனிமேல் என்று அவர் போகாமலே இருந்திருப்பார். வராவிட்டால் மனைவியின் பேட்ஜும் பறிபோகும் என்று மச்சான் பயமுறுத்திக் கூட்டிப்போனார்.

பெரியப்பா வழுக்கி விழுந்தார். மெக்கானிக் சிரித்து வைத்தார். கடைசிக் காட்சி வந்தது. லிஃப்ட் கதவு மூடியது, முந்தானை மாட்டியது. இந்தத் தடவை அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையும் மடியில் தானாக எதையோ சுற்றின. நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. விசும்பல், விம்மல், தேம்பல், கேவல் எல்லாம் கலந்து, வகுப்பில் யாரும் சொல்லித் தராத ஒரு சத்தம். பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். கண்காணிப்பாளர் அம்மாளின் டார்ச் அவர் கன்னத்தில் விழுந்து அங்கேயே நின்றது.

"யாருக்காக அழறீங்க?" என்று அம்மாள் குனிந்து கேட்டார்.

மெக்கானிக் பாடம் கற்றவர். "படத்துல வர்ற பொண்ணுக்காகம்மா," என்றார்.

அம்மாள் டார்ச்சை அணைத்தார். மேடைக்குக் கூட்டிப்போனார்கள். தலைவர் தம் கையாலேயே பேட்ஜைக் குத்திவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"கழகம் தோற்றதில்லை என்பதற்கு இவரே சாட்சி! கல்லாக வந்தவர், இன்று கரைந்து நிற்கிறார். இன்றிலிருந்து இவர் தம் மகளின் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்காரலாம், பக்கத்திலேயே நிற்கலாம், கையைப் பிடித்து வழியனுப்பலாம். ஒருவரும் தடுக்க முடியாது!"

"ஐயா," என்றார் மெக்கானிக், "எனக்கு ஒரே பொண்ணுங்க. போன மாசம் முடிஞ்சுபோச்சு."

தலைவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு அவர் தோளைத் தட்டினார். "அதனால என்ன? இதுக்குக் காலாவதி கிடையாது. பத்திரமா வெச்சுக்குங்க."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மெக்கானிக் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். "தட்டுங்க மாமா," என்று மச்சான் மேடைக்குக் கீழேயிருந்து பதறினார், "தட்டலைன்னா திரும்பப் பிடுங்கிடுவாங்க." அவரும் தட்டினார்.